சாயங்கால கிளாஸ் தோட்டம் சொதப்புதா? என்ன பிரச்சனைன்னு பாத்து சரி பண்ற வழி

காரைக்குடி, தேவகோட்டை, புதுவயல், பள்ளத்தூர்னு நம்ம பக்கத்துல ஸ்கூல் விட்டப்புறம் பிள்ளைகள வச்சு கிளாஸ் நடத்துறவங்களுக்காக இத எழுதுறேன். 2021ல கொரோனாவுக்கு அப்புறம் வந்த இல்லம் தேடிக் கல்வி மாதிரி தன்னார்வலரா இருங்க, ட்யூசன் எடுக்குறவரா இருங்க, பூட்டிக் கெடந்த வீட்டு வளவ (முற்றமும் அத சுத்தின உள்பகுதியும்) கேட்டு வாங்கி நாலு பிள்ளைகள உக்கார வச்சவரா இருங்க, பாடத்தோட சேத்து கொஞ்சம் தோட்டம், கொஞ்சம் சாப்பாடுன்னு ஆரம்பிச்சா ஒரு மாசத்துல ஒரே மாதிரி பிரச்சனைக தான் எல்லாருக்கும் வருது. உங்க பிரச்சனை எதுவோ அத மட்டும் தேடிப் படிச்சுக்கங்க, மொத்தத்தையும் படிக்கணும்னு இல்ல.

ஒண்ணு மட்டும் முன்னாடியே சொல்லிடுறேன். இதுல பாதிக்கு மேல பிரச்சனைக்கு காரணம் மண்ணும் இல்ல, பிள்ளைகளும் இல்ல, நேரம் தான். நம்ம கிளாஸ் நாலரைக்கு ஆரம்பிச்சு ஆறுக்கு முடியுது, சனி ஞாயிறு கிடையாது, பரீட்சைன்னா லீவு, மே மாசம் முழுக்க லீவு. செடிக்கும் பசிக்கும் இந்த டைம்டேபிள் தெரியாது. அதனால எந்தப் பிரச்சனை வந்தாலும் "இது எந்த நேரத்துல நடக்குது"ன்னு மொதல்ல கேளுங்க.

விதை போட்டு ஒரு வாரம் ஆச்சு, ஒண்ணுமே வரல

மொதல்ல என்ன விதைன்னு பாருங்க. வெந்தயம் மூணு நாலு நாள்ல தலை காட்டிரும், சிறுகீரை, வெண்டை எல்லாம் ஒரு வாரத்துக்குள்ள வந்துரும், ஆனா கொத்தமல்லி எட்டுல இருந்து பன்னெண்டு நாள் வரைக்கும் எடுக்கும், கத்தரியும் மிளகாயும் கூட ஒரு வாரத்துக்கு மேல ஆகும். பிள்ளைக மறுநாளே தோண்டிப் பாக்கும், அதுல பாதி முளை செத்துரும். அதுக்காகவே மொத விதைப்பு வெந்தயமா வச்சுக்கங்க, சமையல்கட்டு டப்பால இருக்குற வெந்தயமே போதும்.

வெந்தயமும் வரலேன்னா மண்ண தொட்டுப் பாருங்க. நம்ம செம்மண் சரளை தண்ணி ஊத்தி காஞ்சா மேல ஓடு கட்டிக்கிடும், கீழ இருந்து முளை முட்டிப் பாத்துட்டு அப்படியே மடங்கிரும். விரலால ஓட்ட லேசா ஒடச்சுப் பாத்தா அடியில வெள்ளையா வளைஞ்ச முளை தெரியும். அப்படின்னா விதையில குத்தம் இல்ல. மேல மூடுறதுக்கு செம்மண்ண போடாம, மக்கின சாணி எருவும் மணலும் சலிச்சுக் கலந்து தூவுங்க, அது மேல வைக்கோலோ காஞ்ச தென்ன ஓலையோ போட்டு, முளை வந்த அன்னைக்கே எடுத்துருங்க.

அடுத்தது ஆழம். பிள்ளைக விரல விட்டு குழி போடுறப்ப சுட்டுவிரல் முழுசும் உள்ள போகும், கீரை விதை கடுகுலயும் சின்னது, அவ்வளவு ஆழத்துல இருந்து அதால வர முடியாது. விதை தடிமன் மாதிரி ரெண்டு மூணு பங்கு ஆழம் போதும். கீரை விதைய மூணு நாலு பங்கு மணலோட கலந்து கோலம் போடுற மாதிரி தூவச் சொல்லுங்க, பொம்பளப் பிள்ளைகளுக்கு இது சொல்லவே வேணாம், பையங்களுக்குத் தான் ரெண்டு தடவ காட்டணும்.

வரிசை வரிசையா காணாமப் போயிருந்தா எறும்பு. பாத்திய சுத்தி குருணை நொய்ய தூவி விடுங்க, எறும்பு அத இழுத்துக்கிட்டு போகட்டும், அதுக்குள்ள விதை முளைச்சிரும்.

மல்லி மட்டும் வரலேன்னா ரெண்டு காரணம். முழு மல்லிக்குள்ள ரெண்டு விதை இருக்கு, செருப்பு அடியிலயோ பூரிக்கட்டையிலயோ லேசா தேச்சு ரெண்டா ஒடச்சுப் போடணும். இன்னொண்ணு வெயில். மல்லிக்கு குளிர் வேணும், கார்த்திகை மார்கழியில போட்டா அருமையா வரும், மாசி பங்குனியில போட்டா வந்தும் வராததுமா பூ எடுத்துரும்.

இதுல எதுவும் இல்லேன்னா விதையே பழசு. பத்து விதைய ஈரத்துணியில மடிச்சு ஒரு டப்பால வச்சு பிள்ளைககிட்ட எண்ணச் சொல்லுங்க. ஏழுக்கு மேல முளைச்சா நல்ல விதை, அஞ்சுக்குக் கீழன்னா வேற விதை வாங்கிருங்க. சதவீதக் கணக்கு பாடமும் அன்னைக்கே முடிஞ்சிரும்.

முளைச்சு வந்துச்சு, ரெண்டு நாள்ல அடியில அழுகி சாஞ்சு போச்சு

தரையோட ஒட்டின தண்டு மெலிஞ்சு பழுப்பா இருந்தா அது நாற்றழுகல். பதினஞ்சு பிள்ளை இருந்தா பதினஞ்சு மக் தண்ணி விழும், ஒவ்வொண்ணும் "நான் ஊத்தவே இல்ல மிஸ்"னு சொல்லும், அதான் காரணம். இதுலயும் நேரம் வருது பாருங்க, சாயங்காலம் அஞ்சரைக்கு நாத்துக்கு நெறய தண்ணி ஊத்துனா ராத்திரி முழுக்க மண் ஈரமாவே இருக்கும், பூஞ்சைக்கு அது தான் வேணும். நாத்துக்கு மட்டும் காலைல தண்ணி விடுற மாதிரி மாத்துங்க. மையத்துக்குப் பக்கத்து வீட்டுப் பிள்ளை ரெண்ட பாத்து, ஸ்கூலுக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு பூவாளி தெளிச்சுட்டுப் போகச் சொல்லுங்க. சாயங்காலம் மண்ண விரலால தொட்டு, காஞ்சிருந்தா மட்டும் தெளிக்கலாம், அதுவும் அன்னைக்கு யார் முறையோ அவங்க மட்டும்.

பூவாளி இல்லேன்னா தண்ணி பாட்டில் மூடியில ஆணிய சூடு பண்ணி ஓட்ட போட்டுக்கங்க (ஆணி சுடுற வேலை நீங்க பண்ணுங்க). வேளாண் விரிவாக்க மையத்துல டிரைக்கோடெர்மா விரிடி பவுடர் (அழுகல் பூஞ்சைய அடக்குற நல்ல பூஞ்சை) கிடைக்கும், விதைக்கிறப்ப எருவோட கொஞ்சம் கலந்துக்கிட்டா இந்தத் தொல்லை கொறயும். சாஞ்ச நாத்த காப்பாத்த முடியாது, அத புடுங்கிப் போட்டுட்டு மறுபடி நெருக்கம் இல்லாம தூவுங்க.

திங்கக்கிழமை வந்து பாத்தா எல்லாம் வாடிக் கிடக்கு

இத ரெண்டா பிரிக்கணும். நாலரைக்கு வாடித் தெரிஞ்சு ஆறு மணிக்கு நிமிந்துருச்சுன்னா அது வெறும் வெயில், பூசணி மாதிரி பெரிய இலைச் செடியெல்லாம் அப்படித்தான் பண்ணும், பதறி தண்ணிய கொட்ட வேணாம். மறுநாள் காலைலயும் வாடியே இருந்தா தான் நிஜமான வாட்டம்.

மண் காஞ்சிருந்தா மூடாக்கு போடுங்க. நம்ம ஊர்ல சருகுக்கா பஞ்சம், வேப்பஞ்சருகு, பூவரச இலை, தேங்கா மட்டை எது கெடச்சாலும் செடியச் சுத்தி நாலு விரல் உயரத்துக்குப் போட்டா வெள்ளிக்கிழமை விட்ட தண்ணி திங்கக்கிழமை வரைக்கும் தாக்குப் புடிக்கும். செடிப் பக்கத்துல வாய் குறுகின பழைய மண்பானைய கழுத்து வரைக்கும் புதைச்சு தண்ணி நிரப்பி மூடி வச்சா அது கசிஞ்சுக்கிட்டே இருக்கும், பெயிண்ட் அடிச்ச பானை, வழவழன்னு இருக்குற பானை ஆகாது, கசியாது. மூடி கட்டாயம் போடுங்க, இல்லேன்னா கொசு முட்டை போட்டு வைக்கும்.

மண் ஈரமா இருந்தும் தக்காளியோ கத்தரியோ பச்சையா இருக்குறப்பவே திடீர்னு தொங்கிருச்சுன்னா அது பாக்டீரியா வாடலா இருக்கலாம். பிள்ளைக வாயப் பொளந்து பாக்குற சோதனை ஒண்ணு இருக்கு. தண்டோட அடிப்பகுதிய வெட்டி கண்ணாடி டம்ளர்ல சுத்தமான தண்ணிய வச்சு, வெட்டின முனை மட்டும் தண்ணிய தொடுற மாதிரி புடிங்க. கொஞ்ச நேரத்துல வெள்ளையா புகை மாதிரி நூல் இறங்குனா பாக்டீரியா தான். அந்தச் செடிய வேரோட எடுத்து எரிச்சிருங்க, எருக்குழில போடாதீங்க, அந்த எடத்துல தக்காளி, கத்தரி, மிளகாய் மூணையும் வைக்காம கீரையோ கொத்தவரையோ போடுங்க. நம்ம சரளை மண்ணுக்கு கொத்தவரை மாதிரி பொறுமைசாலி வேற கிடையாது, அத யாரும் மதிக்கிறதில்லங்குறது தான் வருத்தம்.

இலை மஞ்சளாகுது, சுருளுது, வெள்ளையா ஒட்டியிருக்கு

அடி இலை மட்டும் மஞ்சளானா பெரும்பாலும் மண்ணுல தழைச்சத்து இல்ல. செம்மண்ணுல அது எப்பவுமே கம்மி, மக்கின ஆட்டுப் புழுக்கையோ மண்புழு உரமோ ரெண்டு கை போட்டு கிளறி விடுங்க, பச்சை சாணிய நேரா போடாதீங்க. வெண்டையில இலை நரம்பு மட்டும் வலை மாதிரி மஞ்சளா மாறுனா அது வைரஸ், மஞ்சள் நரம்புத் தேமல்னு சொல்லுவாங்க, வெள்ளை ஈ பரப்புது, அதுக்கு மருந்து கிடையாது, பாத்த அன்னைக்கே அந்தச் செடிய புடுங்கிரணும். பிள்ளைக அழும், அழட்டும், புடுங்கலேன்னா பாத்தி முழுக்கப் போயிரும்.

மாவுப்பூச்சி, அசுவினின்னா மொதல்ல வேகமா தண்ணியடிச்சுக் கழுவுங்க. போகலேன்னா ஒரு லிட்டர் தண்ணிக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், ரெண்டு மூணு சொட்டு சோப்புக் கரைசல், நல்லா குலுக்கி இலைக்கு அடியில படுற மாதிரி அடிக்கணும். நம்ம சாயங்கால நேரம் ஒதவுற வேலை இது, வெயில்ல அடிச்சா இலை கருகும், காலைல அடிச்சா தேனீ வர்ற நேரம். பெரியவங்க தான் அடிக்கணும், அடிச்சு ரெண்டு மூணு நாளைக்கு அந்தக் கீரைய பறிக்கக் கூடாது. கடையில "ஒரே அடி, பூச்சி காலி"ன்னு ஏதாவது குடுப்பாங்க, பிள்ளைக கை வைக்கிற தோட்டத்துல அந்த பாட்டில வாசப்படி தாண்ட விடாதீங்க, இதுல எனக்கு ரெண்டாவது பேச்சே கிடையாது.

பூ பூவா பூக்குது, ஒரு காய் கூட நிக்கல

எனக்கு ரொம்பப் புடிச்ச பிரச்சனை இது, ஏன்னா இத சரி பண்றப்ப பிள்ளைக கத்துக்கிறத எந்த அறிவியல் புக்காலயும் குடுக்க முடியாது.

பூசணி, சுரை, பீர்க்கு, பாகல் எல்லாத்துலயும் ஆண் பூ தனி, பெண் பூ தனி. பூவுக்குப் பின்னாடி குட்டிக் காய் மாதிரி ஒண்ணு ஒட்டியிருந்தா பெண் பூ, வெறும் காம்பா இருந்தா ஆண் பூ. மொத ஒண்ணு ரெண்டு வாரத்துக்கு பெரும்பாலும் ஆண் பூ மட்டும் தான் வரும், பூத்துக் கொட்டும், அது நோய் இல்ல, விட்டுருங்க. பெண் பூ வந்தும் பின்னாடி இருக்குற பிஞ்சு மஞ்சளாகி உதிந்தா மகரந்தம் சேரல.

இப்ப நேரத்துக்கு வாங்க. பூசணிப் பூ விடியக்காலைல விரியும், காலைச் சாப்பாடு முடிஞ்சு கொஞ்ச நேரத்துல சுருங்க ஆரம்பிச்சிரும். பாகலும் வெள்ளரியும் காலை ஆளுக தான். நம்ம நாலரைக்கு வந்து பாத்தா மூடின பூவத் தான் பாப்போம், பிள்ளைகளுக்கு என்னத்த காட்டுறது? ஆனா சுரையும் பீர்க்கும் அப்படி இல்ல, சாயங்காலம் தான் விரியும். சுரையோட வெள்ளைப் பூவும் பீர்க்கோட மஞ்சப் பூவும் சரியா நம்ம கிளாஸ் முடியிற நேரத்துல மலரும், ராத்திரி அந்துப்பூச்சிக வந்து அத கவனிச்சுக்கும். அதனால சாயங்கால மையத்துக்கு பூசணி வேணாம், சுரையும் பீர்க்கும் தான் சரி. பூசணி மேல ஆசை இருந்தா அதுக்கு காலைல வர்ற பக்கத்து வீட்டுப் பிள்ளைகளப் பொறுப்பா போடுங்க.

கையால சேக்குறது இப்படித் தான்: அன்னைக்கு விரிஞ்ச ஆண் பூ ஒண்ணப் பறிச்சு இதழெல்லாம் கிள்ளிட்டு, நடுவுல மகரந்தம் இருக்குற தண்ட பெண் பூ நடுவுல இருக்குற மேடு மேல மெதுவா தடவணும். ஒரு ஆண் பூ ரெண்டு பெண் பூவுக்குப் போதும். தடவின பூக் காம்புல கலர் நூல் கட்டுங்க, ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு கலர். நூல இறுக்காதீங்க. மூணு நாலு நாள்ல பிஞ்சு பெருக்க ஆரம்பிச்சா சேந்துருச்சு. யார் நூல் கட்டுன காய் பெருசுன்னு தினம் ஸ்கேல் வச்சு அளப்பாங்க, வராத பிள்ளையெல்லாம் கிளாஸுக்கு வரும்.

சுரைக்காய்ல ஒரு எச்சரிக்கை. சில காய் கசக்கும், அந்தக் கசப்பு சாதாரணக் கசப்பு இல்ல, குக்கர்பிட்டாசின்னு ஒரு நச்சு, வாந்தி, வயித்துப்போக்கு, ரத்த வாந்தி வரைக்கும் கொண்டு போகும், வேக வச்சாலும் முழுசா போகாது. சமைக்கிறதுக்கு முன்னாடி பெரியவங்க ஒருத்தர் ஒரு துணுக்க நாக்குல வச்சுப் பாத்து, கசந்தா துப்பிட்டு வாயக் கொப்புளிச்சு அந்தக் காய தூக்கிப் போட்ருங்க. பச்சை சுரைக்காய் ஜூஸ்ங்குற பேச்சே பிள்ளைககிட்ட வேணாம்.

ஆடு, மயில்

ஆட்டுக்கு வேலி. மயிலுக்கு வேலி பத்தாது, பறந்து வந்து கொத்தும், அது 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்துல முதல் பட்டியல்ல இருக்குற பறவை, கல்ல விட்டு எறியவோ பொறி வைக்கவோ பிள்ளைகளுக்குப் பழக்காதீங்க. நாத்துப் பாத்திக்கு மேல பழைய கொசுவலையோ, தொண்டிப் பக்கம் கெடைக்கிற பழைய மீன்வலையோ குச்சி நட்டு கூடாரமா போட்டா போதும். எடமே இல்லாத மையம்னா வளவு முற்றத்துல, வெயில் விழுற பக்கமா அரிசிச் சாக்குல கீரை போடுங்க, முற்றத்துல எப்படியும் மழத்தண்ணி எறங்கும், ஆடும் வராது. சாக்குக்கு அடியில செங்கல் வைங்க, இல்லேன்னா தரையில பதிச்ச ஆத்தங்குடிக் கல்லு கறைபட்டு வீட்டுக்காரங்க சாவிய திருப்பிக் கேப்பாங்க.

"படிக்க அனுப்புனா மண்ண நோண்ட விடுறீங்களா?"ன்னு வீட்ல இருந்து ஆள் வருது

இது செடி பிரச்சனைய விட பெருசு. சண்டை போடாதீங்க. மொத கீரை அறுவடை முழுசையும் கட்டு கட்டா கட்டி ஆளுக்கு ஒண்ணு வீட்டுக்கு அனுப்புங்க, அளவு கம்மியா இருந்தாலும் பரவாயில்ல. சிறுகீரையெல்லாம் மூணு மூணரை வாரத்துல வந்துரும், புகார் வர்றதுக்கு முன்னாடியே கட்டு போயிறணும். அப்புறம் நோட்டப் போட்டு அதுல பாத்தி நீளம் அகலம், பரப்பளவு, வெண்டைக்கு செடிக்குச் செடி ஒரு அடின்னா எத்தனை செடி, இந்த வாரம் எத்தனை செ.மீ. வளந்துச்சுன்னு எழுத வைங்க. நோட்டப் பாத்தா அப்பா அம்மாவுக்கு பாதி கோவம் போயிரும்.

மீதிக் கோவத்துக்கு அப்பத்தாக்கள கூப்பிடுங்க. பிள்ளைய கூட்டிப் போக வர்ற அப்பத்தாவ நிக்க வச்சு, "அப்பத்தா, இந்தக் கீரைய என்ன பண்ணலாம், சொல்லுங்களேன்"னு கேட்டுப் பாருங்க. "அட, இத போயி கேக்குற, கொண்டா இங்க"ன்னு சேலைய சொருகிக்கிட்டு உக்காந்துருவாங்க, அதுக்கப்புறம் வீட்ல உங்களுக்காக அவங்களே பேசுவாங்க.

கூட ஒண்ணு, வேலைய பிரிக்கிறப்ப கவனிங்க. சொல்லாம விட்டா ரெண்டே நாள்ல பையங்க மண்வெட்டியும் பொம்பளப் பிள்ளைக வெளக்குமாறும் புடிச்சுக்கிட்டு நிப்பாங்க. வாரா வாரம் வேலை மாறணும், பேர் எழுதி சுவத்துல ஒட்டணும், கழுவுற வேலையும் பரிமாறுற வேலையும் அந்த லிஸ்ட்ல இருக்கணும். இன்னார் சமைச்சா இன்னார் சாப்பிட மாட்டேங்குற பேச்சு எங்கயாவது தலை தூக்குனா அதுக்கும் இதே சுவத்து லிஸ்ட் தான் பதில், முறை வந்தவங்க செய்வாங்க, எல்லாரும் ஒண்ணா உக்காந்து சாப்பிடுவாங்க.

வளத்தது அவங்களே, ஆனா கீரைன்னா மூஞ்சிய திருப்புறாங்க

எத்தனை மணிக்கு குடுக்குறீங்க? மத்தியானம் சத்துணவு பன்னெண்டரை ஒரு மணிக்கு. நாலரைக்கு வர்றப்ப பிள்ளைக நல்ல பசியில இருக்கும், வர்ற வழியில பெட்டிக்கடை இருக்கும், அங்க அஞ்சு ரூவா பாக்கெட் இருக்கும். அத தின்னுட்டு வந்த வயித்துக்கு நீங்க அஞ்சே முக்காலுக்கு முருங்கைக்கீரைய நீட்டுனா யார் தொடுவா? அப்படியே திருப்புங்க. கிளாஸ் ஆரம்பிக்கிறப்பவே, பாடத்துக்கு முன்னாடி சாப்பாடு. நம்ம பக்கத்துல இடைப்பலகாரம்னு காலங்காலமா இருக்குறது இந்த நேரத்துக்குத் தானே, அத அப்படியே புடிச்சுக்கங்க. இந்த ஒரு மாத்தத்துலயே பாதிப் பேர் சாப்பிட ஆரம்பிச்சிருவாங்க.

எப்படிக் குடுக்குறதுங்குறது அடுத்தது. மொத நாளே மசியலா குடுக்காதீங்க. தெரிஞ்ச பலகாரத்துக்குள்ள வைங்க: குழிப்பணியார மாவுல கேரட்டும் முருங்கைக்கீரையும், அடையில பொன்னாங்கண்ணி, பாசிப்பயறு சுண்டல்ல பொடிசா நறுக்கின மல்லி. ஒளிச்சு வைக்காம, "இதுல நீங்க பறிச்ச கீரை இருக்கு"ன்னு சொல்லியே குடுங்க, ஒளிச்சு வச்சு கண்டுபுடிச்சிட்டா அப்புறம் பணியாரத்தையும் நம்ப மாட்டாங்க. வெண்டைக்காய் கொழகொழன்னு இருக்குன்னு சொன்னா வெண்டைக்காய் மண்டி (கழுநீர்ல புளி சேத்து வைக்கிற நம்ம பக்கத்துக் குழம்பு) பண்ணுங்க, அரிசி களைஞ்ச ரெண்டாம் கழுநீர எடுக்குறது, சின்ன வெங்காயம் பூண்டு உரிக்கிறது எல்லாம் பிள்ளைக வேலை, புளி போட்டு கொதிச்சதும் அந்தக் கொழகொழப்பு தெரியாது. அடுப்பு வைக்க வசதி இல்லேன்னா அவல், தேங்காப்பூ, வெல்லம், வெள்ளரி, ஊற வச்ச பாசிப்பருப்பு, இதுலயே ஒரு மாசம் ஓட்டலாம்.

ஒரு புது ருசி பிள்ளைக்குப் பழக எட்டுப் பத்து தடவையாவது அது முன்னாடி வரணும். மூணாவது தடவ துப்புனதும் "இதுக்குப் புடிக்காது"ன்னு முடிவு கட்டிராதீங்க. ஒரு வாய் ருசி பாரு, புடிக்கலேன்னா பரவாயில்ல, அவ்வளவு தான். வாயில திணிக்கிறது, "சாப்பிட்டா சாக்லேட்"னு பேரம் பேசுறது ரெண்டும் வேணாம், பேரம் பேசுனா சாக்லேட் தான் பெரிய பண்டம், கீரை தண்டனைன்னு பிள்ளை புரிஞ்சுக்கிடும். "சத்து, சத்து"ன்னும் ஜபிக்காதீங்க. மொறுமொறுன்னு இருக்கா, புளிக்குதா, வாசம் எப்படின்னு கேளுங்க, பிள்ளைக பதில் சொல்றதுக்காகவே இன்னொரு வாய் எடுக்கும்.

பெரிய பிள்ளைககிட்ட மட்டும் ஒரு விசயம் சொல்லலாம். கீரையில இருக்குற இரும்புச்சத்து ஒடம்புல சேர வைட்டமின் சி வேணும், அதனால எலுமிச்சை பிழியிறோம், இல்ல கூட நெல்லிக்கா குடுக்குறோம். சாப்பிட்ட உடனே டீ குடிச்சா அது சேர விடாது. நம்ம ஊர்ல நாலாப்பு பிள்ளையே சாயங்காலம் டீ குடிக்குது, டீய நிறுத்துன்னு சொல்றத விட ஒரு மணி நேரம் தள்ளி வைன்னு சொல்லுங்க, அத கேக்கும்.

இங்க சாப்பிடுறாங்க, வெளிய போனா மறுபடி பாக்கெட் தான்

பாக்கெட்ட திட்டாதீங்க, படிக்க வைங்க. பழைய கவரெல்லாம் சேத்து வச்சு பின்னாடி இருக்குற அட்டவணைய கணக்குப் பாடமாக்குங்க. சோடியம் எத்தனை மில்லிகிராம்னு போட்டிருக்கும், அத ரெண்டரையால பெருக்குனா உப்பு அளவு. பெரியவங்களுக்கே ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் கீழ தான் உப்புன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது, சின்னப் பிள்ளைகளுக்கு அதுலயும் கம்மி. சர்க்கரைக்கு 4 கிராம் ஒரு டீஸ்பூன். 100 மில்லியில 11 கிராம்னு போட்டிருந்தா 300 மில்லி பாட்டில்ல 33 கிராம், எட்டு ஸ்பூனுக்கு மேல. அத பிள்ளைகளையே ஒரு டம்ளர்ல அளந்து கொட்டச் சொல்லுங்க, நீங்க ஒண்ணும் பேச வேணாம்.

அதே சமயம் நம்ம பலகாரத்த எல்லாம் ஆரோக்கியம்னு ஏத்திப் பிடிக்கவும் வேணாம். கந்தரப்பமும் சீயமும் எண்ணெயில தான் பொரியுது, கும்மாயத்துல பருப்பு இருந்தாலும் கருப்பட்டியும் நெய்யும் தாராளம். விசேஷத்துக்கு சாப்பிடுறது விசேஷத்துக்கு, தினச் சாப்பாடு தினத்துக்கு. "கெட்ட சாப்பாடு"ன்னு எதுக்கும் பேர் வைக்காதீங்க, அன்னைக்கு வீட்ல அத தின்னுட்டு வந்த பிள்ளை கூசிப் போயி ஒக்காரும்.

பிள்ளைக கண்ட இலையையும் காயையும் வாயில போடுது

இது அவசரம், தள்ளிப் போடாதீங்க. தோட்டத்துல பறிச்சுத் திங்கலாம்னு நாம தான் பழக்குறோம், அப்புறம் ரோட்டோரம் இருக்குற காட்டாமணக்கு விதைய நிலக்கடலை மாதிரி இருக்குன்னு பிள்ளைக தின்னுட்டு கூட்டமா வாந்தி எடுத்து ஆஸ்பத்திரியில சேத்த சேதி தமிழ்நாட்டுல அடிக்கடி வரும். மொத வாரத்துலயே பிள்ளைகள வெளிய கூட்டிப் போயி காட்டாமணக்கு, ஆமணக்கு, ஊமத்தை, அரளி, குண்டுமணி அஞ்சையும் நேர்ல காட்டி, தொட வேணாம்னு சொல்லிக் குடுங்க. மையத்துல ஒரே விதி, பெரியவங்ககிட்ட காட்டாம எதுவும் வாய்க்குப் போகக் கூடாது. யாராவது தின்னுட்டா வாந்தி எடுக்க வைக்கிறேன்னு உப்புத் தண்ணி குடுக்காதீங்க, என்ன தின்னுச்சோ அந்தக் காய கையில எடுத்துக்கிட்டு உடனே 108க்கு போன் போடுங்க.

வெறுங்கால்ல மண்ணுல நிக்க விடாதீங்க, கொக்கிப்புழு பாதம் வழியா தான் ஏறும், அது இருந்தா நீங்க என்ன கீரை குடுத்தாலும் ரத்தசோகை தீராது. பிப்ரவரியிலயும் ஆகஸ்ட்லயும் ஸ்கூல்ல குடுக்குற அல்பெண்டசோல்ங்குற குடல்புழு மாத்திரைய பிள்ளைக முழுங்குச்சா, தூக்கிப் போட்டுச்சான்னு கேளுங்க. மண் வேலை முடிஞ்சதும் சோப்பு போட்டு கைய நகத்தோட கழுவணும். நிலக்கடலை, முட்டை, பால்னு யாருக்கு எது ஒத்துக்காதுன்னு மொத நாளே வீட்ல கேட்டு எழுதி வச்சுக்கங்க.

மார்ச்ல நல்லா இருந்துச்சு, ஜூன்ல வந்து பாத்தா கட்டாந்தரை

நம்ம பக்கத்துல மழைங்குறது பெரும்பாலும் ஐப்பசி கார்த்திகை தான், சித்திரை வைகாசி வெயில்ல காய்கறித் தோட்டத்த லீவு நாள்ல காப்பாத்துறது வீண் பாடு. ஏப்ரலோட மூடிருங்க, அதுக்குத் தகுந்த மாதிரி முன்னாடியே திட்டம் போடுங்க. ஜூன்ல ஸ்கூல் தொறந்ததும் எருக்குழி, மேட்டுப்பாத்தி வேலை, பாத்தி அகலம் மூணு அடிக்கு மேல வேணாம், சின்னக் கைக்கு நடு வரைக்கும் எட்டணும். ஆடி பொறந்ததும் வெண்டை, கொத்தவரை, கீரை, சுரை. காலாண்டுப் பரீட்சை நேரத்துல வெண்டை காய்க்கும், அந்த வாரத்துக்கு மட்டும் பறிக்கிறதுக்கு ஆள் ஏற்பாடு பண்ணுங்க, வெண்டைய ரெண்டு நாள் விட்டா முத்திரும். அடைமழை சமயத்துல புதுசா எதுவும் விதைக்காம தண்ணி வடிய வாய்க்கால் மட்டும் பாத்துக்கங்க. மழை விட்டதும் மல்லி, முள்ளங்கி, வெந்தயம். தை பொறந்ததும் கடைசி ரவுண்டு கீரை, பீர்க்கு, அது பங்குனிக்குள்ள முடிஞ்சிரும்.

வெயில்ல தாக்குப் பிடிக்கிறது முருங்கையும் கருவேப்பிலையும். பெரியகுளத்துல உருவாக்கின பி.கே.எம்-1 செடிமுருங்கைய விதை போட்டா ஆறு மாசத்துல காய்க்க ஆரம்பிச்சிரும், இடுப்பளவுக்கு வந்ததும் நுனிய கிள்ளி விட்டா பக்கக் கெளை விட்டு பிள்ளைக கைக்கு எட்டுற உயரத்துல கீரை கெடைக்கும்.

காய்ப்பு ஓயிற சமயத்துல வெண்டை, கொத்தவரை, சுரையில நல்ல செடி ஒண்ணு ரெண்டுல காய பறிக்காம முத்த விட்டு விதை எடுங்க. நிழல்ல நல்லா காய வச்சு, சாம்பலோட கலந்து பாட்டில்ல போட்டு, என்ன விதை, எந்த மாசம்னு பிள்ளைக கையெழுத்துலயே எழுதி ஒட்டுங்க. ஏப்ரல்ல மூடுறப்ப பாத்திக்கு மேல சருகையும் சாணியையும் கனமா போட்டு மூடிட்டுப் போனா ஜூன்ல மண்வெட்டி எறங்கும். விதை பாட்டில மையத்துல வைக்காதீங்க, எலி வந்துரும், யாராவது ஒருத்தர் வீட்ல குடுத்து வைங்க.